ஆஷ் மரத்தில் ஒரு பறவை இருந்ததா

1

இந்தக் கதை நெருப்போரத்துத் தூக்கத்தில் பிறந்தது. பிப்ரவரியின் கடைசிச் செவ்வாய். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் காட்டில் எங்கள் தன்னார்வக் குழு ஹேசல் புதர்களை அடிவரை வெட்டிக்கொண்டிருந்தது (மறுபடி தழைப்பதற்காகத்தான், பதறாதீர்கள்). வெட்டிய சுள்ளிகளை எரித்து, தணலில் சுட்ட உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, நான் ஒரு கட்டையில் சாய்ந்து கண்ணயர்ந்தேன். அந்தத் தூக்கத்துக்குள்ளேயோ, சற்று வெளியேயோ, ஒரு பறவை அலகில் பாசியோடு ஆஷ் மரத்துக்கு ஏறிப் போனது.

உள்ளேயா வெளியேயா என்பதுதான் என் தலைவலி.

2

தொடக்கங்கள்:

"பனிமூட்டத்துக்குள் மரங்கள் மெல்ல" — வேண்டாம். மூட்டத்தில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைப்பேன்.

"ஐரிஸ் தன் கணவனை ஒரு மரத்தடியில்" — ஐயோ, கொலைக்கதை போலிருக்கிறது.

நேராகவே சொல்கிறேன். ஐரிஸுக்கு எழுபதுக்கு மேல். எங்கள் குழுவிலேயே மூத்தவர். மூன்று குளிர்காலங்களுக்கு முன் தன் கணவர் லெனர்டின் சாம்பலைப் பாதையோரத்து ஆஷ் மரத்தடியில் தூவினார். செவ்வாய்தோறும் மதிய இடைவேளையில் தேநீரோடு அங்கே போய் உட்கார்ந்து அவரோடு பேசுவார். பெரும்பாலும் புகார்கள். இப்போது அந்த மரத்துக்கு நோய். உச்சி காய்ந்துவிட்டது. குழுத்தலைவர் டங்கன் வெட்டவேண்டிய மரம் என்று அதன்மேல் ஆரஞ்சு நிறப் பொட்டு வைத்துவிட்டார். இன்றோடு வெட்டு முடிகிறது. மார்ச் வந்தால் பறவைகள் கூடு கட்டும் காலம். இலையுதிர்காலம் வரை ரம்பத்துக்கு ஓய்வு.

3

டங்கன் சங்கிலி ரம்பத்தை எடுத்ததும் ஐரிஸ் மரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"த்ரஷ் குருவி கூடு கட்டுது. இப்பத்தான் பாசியக் கவ்விக்கிட்டு மேல போச்சு."

"பிப்ரவரியிலயா?"

"த்ரஷ் எப்பவுமே முந்திரிக்கொட்டைதான், தெரியாதா உனக்கு?"

"காலையில பூரா பைனாகுலர்ல பாத்தேங்க. ஒண்ணுமே இல்ல."

"நீ மரத்தையா பாத்த? சாண்ட்விச்சையில்ல பாத்துக்கிட்டிருந்த!"

டங்கன் சிரித்துவிட்டார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "இது ஸ்கூல் பிள்ளைங்க நடக்குற பாதை, ஐரிஸ். கிளை விழுந்தா நான் என்ன பதில் சொல்றது? அடிக்கட்டைய உயரமா விட்டுடறேன். நீங்க உக்காந்துக்கலாம்."

"உக்காந்து? அடிக்கட்டைகிட்ட நான் என்னத்தப் பேச?"

(இங்கே ஐரிஸின் கண்கள் கலங்கியதாக எழுதியிருந்தேன். கலங்கவில்லை. குளிரில் மூக்கு ஒழுகியது, கையுறையால் துடைத்துக்கொண்டார்.)

மரத்தின் உச்சி பனிமூட்டத்தில் கரைந்திருந்தது. நோயுற்ற மரத்தில் ஏறிப் பார்க்கவும் முடியாது. அதற்கு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: கூடு கட்டுவதை இரண்டு பேர் பார்த்திருந்தால் ரம்பத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். டங்கன் என் பக்கம் திரும்பினார்.

"எழுத்தாளரே, நீங்க இங்கதான உக்காந்திருந்தீங்க? பாத்தீங்களா?"

4

முதல் வரைவில் "பாத்தேன்" என்கிறேன். டங்கன் ரம்பத்தைக் கீழே வைக்கிறார். மே மாதத்தில் மரம் ஒரு கைப்பிடி இலை விடுகிறது. ஐரிஸ் அதன்கீழ் உட்கார்ந்து, வீட்டுக் கொதிகலன் பழுதுபார்க்க வந்தவனைப் பற்றி லெனர்டிடம் கோள்மூட்டுகிறார். ஜூலையில் ஒரு கிளை

கிளைக்குக் கீழே யார் என்று என்னால் எழுத முடியவில்லை.

இரண்டாம் வரைவில் "இல்ல" என்கிறேன். மரம் சாய்கிறது. அது நின்ற இடத்தில் வானம் திறந்து, எத்தனையோ வருடம் காத்திருந்த தரையில் வெளிச்சம் விழுகிறது. அதற்காகத்தானே செவ்வாய்தோறும் வருகிறோம். ஐரிஸ் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் காருக்குப் போகிறார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. அதையும் அடித்துவிட்டேன். எனக்கு ஐரிஸ் வேண்டும்.*

* படித்த நண்பர் சொன்னார்: "நீதானப்பா எழுதுற, ஒரு பறவைய வெச்சுட்டுப் போயேன்." வைக்கலாம். ஆனால் அது ஐரிஸுக்காக நான் செய்த பறவையாகத்தான் இருக்கும். அன்றைய பறவையின் அலகில் பாசி நனைந்திருந்தது, ஒரு நார் தொங்கியது. கனவில் இவ்வளவு துல்லியம் வருமா? எனக்கு வரும். கனவில் செருப்பு அறுந்தால் எந்தக் காலில் என்றுகூடத் தெரியும்.

5

வாயைத் திறந்தேன். பொய்யோ மெய்யோ, "பாத்தேன்" என்றுதான் வந்திருக்கும். அதற்குள் ஐரிஸ் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எனக்காகச் சொல்லாத, கண்ணு. பாத்திருந்தா மட்டும் சொல்லு."

அதோடு என் கதை நின்றுவிட்டது. அவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்று அந்த நொடியில் நம்பினேன். நான் பார்த்தேனா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரமும் விழித்திருந்தீர்கள். அதனால் டங்கன் இப்போது உங்களைக் கேட்கிறார். அவர் கை ரம்பத்தை இயக்கும் கயிற்றில் இருக்கிறது. ஐரிஸ் உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மரத்தில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பாத்தீங்களா, இல்லையா?"