நேர்ப்பாதையில் எடுத்த அளவு

விடியுமுன்பே வட்டகொடை ஸ்டேஷனுக்கு அப்பால் உள்ள ரயில் வளைவில் சல்லி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தோம். குளிரில் கடப்பாரையைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. பதினொரு பேர் வேலையைப் பத்துப் பேர் செய்தோம். பதினோராவது ஆள் சோலைமலை அண்ணன், வலது பாதத்தை இழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

நான்கு நாட்களுக்கு முன் சல்லி ஏற்றிய தள்ளுவண்டி இதே வளைவில் தடம் புரண்டு அவர் காலில் விழுந்தது. ரயில் கோச்சிச் சக்கரங்கள் உரசி உரசி வெளிப்பக்கத் தண்டவாளம் கத்திபோலத் தேய்ந்திருந்தது. அடியிலிருந்த சிலிப்பர் கட்டைகளில் இரும்புத்தூள் மினுங்கியது. அந்தத் தேய்மானத்தை அளந்து சொல்ல வேண்டியவன் நான்.

"அளவுகோல வளைவுல வைக்காதப்பா. நேரா இருக்கிற எடத்துல வச்சு அள. ஒன் பேர நெரந்தர லிஸ்ட்டுல சேத்திருக்கேன்" என்றார் கொந்தராத்துக்காரரின் சுப்பவைசர், விபத்துக்கு மறுநாள். அப்படியே அளந்தேன். அளவு சரியாக இருந்தது. வெட்கமில்லாமல் அன்று மாலை சோலைமலை வீட்டில்தான் தேத்தண்ணி குடித்தேன்.

சல்லி கொட்டிக்கொண்டிருந்தபோது, காலை ஆறரைக்குச் சுப்பவைசர் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"சோலைமலை வேகமா தள்ளினதாலதான் வண்டி விழுந்திச்சுன்னு எழுதியிருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

சோலைமலையின் மனைவி அம்மாக்கண்ணு சல்லிக்கூடையை இறக்கினார். "போட்டா அவருக்கு நட்டஈடு கெடைக்குமாங்க?"

"அவர் தப்புக்கு யார் குடுக்கிறது? தண்டவாளம் நல்லாத்தான் இருந்திச்சு. தனுஷனே அளந்தான், கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டினால் நிரந்தர வேலை.

"நான் வளைவுல அளக்கலக்கா. நேரா இருக்கிற எடத்துல அளந்தேன். இவர் சொன்னாரு. வேலைக்கு ஆசப்பட்டு நானும் செஞ்சேன்."

கூட வேலை செய்த இராமையா காறித் துப்பினார். அது என் காலடியில் விழுந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

"நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார் சுப்பவைசர்.

"அவன் இல்லேன்னா நாங்களும் இல்லைங்க" என்றார் இராமையா. "அவன் செஞ்ச துரோகத்த நாங்க கேட்டுக்கிறோம். இந்தக் கடுதாசியில ஒருத்தரும் கை வைக்க மாட்டோம்."

"வேற ஆளா இல்ல? தேயிலைத் தோட்டத்துல நூறு பேர் நிக்கிறாங்க."

"அவங்களுக்கும் காலு இருக்குங்க" என்றார் அம்மாக்கண்ணு.

அன்று பாதையைப் பார்க்க ரயில்வே இஞ்சினியர் ஸ்டேஷனுக்கு வருவதாக இருந்தது. பத்துப் பேரும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

"நீ முன்னால நின்னு சொல்லணும்" என்றார் அம்மாக்கண்ணு, என் முகத்தைப் பார்க்காமல்.

வழியெல்லாம் ஒருவரும் என்னோடு பேசவில்லை. நான் பின்தங்கியபோது எல்லாரும் நின்றார்கள்.