குப்புறக் கிடக்கும் ஹிரியண்ணன்

எங்கள் ஊர் கல்லேசுவரர் கோயிலில் வாசற்படியைத் தாண்டியதும் தரையில் ஒரு ஆள் குப்புறக் கிடப்பார். கல் ஆள்தான். கூப்பிய கைகள் தலைக்கு மேல் நீண்டிருக்கும். பெயர் ஹிரியண்ணன். பெரிய நந்தியின் கண்ணில் பதித்திருந்த மரகதத்தைத் திருடியவராம். ராஜா அவரை இப்படிச் செதுக்கி வாசலில் போட்டு, ஊரே மிதிக்கட்டும் என்று சபித்தாராம். அந்தத் திருடனின் வம்சம் நாங்கள்.

சிவராத்திரியன்று முதல் மிதி கோயில் கமிட்டித் தலைவர் ஈரபத்ர கௌடருடையது. சும்மா மிதிக்க மாட்டார், குதிகாலை வைத்துத் திருகுவார். கடைசி ஆளும் மிதித்து முடித்த பிறகு எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வந்து அந்தக் கல்லைக் கழுவ வேண்டும். தண்டனையாம். அப்பா சாகும்வரை கழுவினார். பிறகு நான். பாட்டன் முதுகிலிருந்து ஊரார் கால்மண்ணைத் தேய்த்து எடுக்கும்போது வயிறு பற்றி எரியும். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தொடாமல் எழுந்து போனதும் இந்தக் கல்லால்தான்.

இந்த வருஷம் மைசூரிலிருந்து கல்வெட்டு படிக்கும் அம்மா ஒருவர் வந்து, ஒரு வாரம் தங்கிச் சுவரிலும் தரையிலும் காகிதம் ஒட்டிப் படியெடுத்தார். சிவராத்திரியன்று எல்லாரும் மிதித்து முடித்த கையோடு, கோயில் பெருமையை நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார் கௌடர். கடைசல் பிடித்தது போன்ற தூண்களைப் பற்றியும், ஒரே கல்லில் குடைந்த விதானத் தாமரையைப் பற்றியும் அந்த அம்மா சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு தரையைக் காட்டினார்.

"இவர் திருடர் இல்லைங்க. இந்த மண்டபத்தைக் கட்டினதே இவர்தான். அடியாருங்க கால்தூசி தன் மேல படணும்னு ஆசைப்பட்டு, இப்படித் தன்னைச் செதுக்கச் சொல்லியிருக்கார். நந்தி கண்ணுல மரகதம் எதுவும் இருந்ததில்ல. கல்லுலயே செதுக்கின வெறும் கண்ணு அது."

இதைக் கேட்க அப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுகை வந்தது. அழ விட்டால்தானே? கௌடர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"மண்டபம் கட்டுற வசதி எங்க வீட்டை விட்டா இந்த ஊர்ல எவனுக்கு இருந்துச்சு? இவர் எங்க முப்பாட்டன்!" என்றவர், குடத்தோடு நின்ற என்னைப் பார்த்தார். "ஏய் திருட்டு வீட்டுக்காரி, தள்ளிப் போ. எங்க பாட்டன் முதுகுல இனிமே உன் கை படக்கூடாது."

"காலைல திருகினீங்களே, அப்ப உங்க பாட்டனுக்கு வலிக்கலியா கௌடரே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"திருட்டு வம்சத்துக்கு வாய் வேறயா?"

கல்வெட்டு அம்மா குறுக்கே வந்தார். "இருங்க கௌடரே. உங்க வீட்டுல யாராவது இந்தக் கல்லைக் கழுவினது உண்டா?"

"நாங்களா? கழுவுறதா? ஏழு தலைமுறையா எங்க வீட்டுக் கை இதுல பட்டதில்ல. சாமி சத்தியமா!"

"அப்ப கடைசி வரியையும் படிச்சிடறேன்." அவர் காகிதத்தை விரித்தார். "'சிவராத்திரிதோறும் இக்கல்லைக் கழுவும் உரிமை என் வம்சத்தாருக்கே உரியது. பிறர் கை படலாகாது.'"

தண்டனை என்று சொல்லிச் சொல்லியே எங்கள் உரிமையை எங்களுக்கே அவமானமாக்கி வைத்திருந்தார்கள், பாவிகள்.

கௌடர் லேசுப்பட்டவரா? தன் கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய என்னிடம் வந்தார். "நடந்தது நடந்துபோச்சு தாயி. இனி மொதல் மரியாதை உங்களுக்குத்தான். வாங்க."

"மாலை கிடக்கட்டும். ஆயுசு பூரா திருட்டு வீட்டுக்காரின்னு கூப்பிட்டீங்களே, அதே வாயால, மைக்குல, ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வர்றேன்."

கௌடர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். வாய் திறந்தபடி நின்றது. அர்ச்சகர் பக்கம் திரும்பினார். அர்ச்சகர் உதட்டைப் பிதுக்கினார்.