வெட்டி ஒட்டிய சத்தியம்

ஸுஹைறாவின் யூடியூப் சமையல் சனலைப் பார்த்தவர்களில் ஒருவரும் அவளுடைய முகத்தைக் கண்டதில்லை. இரண்டு கைகள், ஒரு சட்டி, ஒரு குரல், அவ்வளவுதான். "அஸ்ஸலாமு அலைக்கும் என்ட தங்கங்களே, கையக் கழுவிட்டு வாங்க" என்று அந்தக் குரல் தொடங்கும். கட்டாரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற பொடியன்கள் மெய்யாகவே எழும்பிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவார்கள் என்று கல்முனையில் ஒரு பகிடி உண்டு. புளியாணத்துக்கு இவ்வளவு புளி என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் மாமியாரும் வாய் திறக்க மாட்டாள். முகமே காட்டாத ஒரு பெண்ணை இத்தனை பேர் நம்பினார்கள் என்றால் அந்தக் குரலுக்காகத்தான் நம்பினார்கள்.

படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, ஏற்றுவது எல்லாம் தங்கை றினோஸாவின் வேலை. பெண் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும் என்பதால், வாப்பா ஒரே வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு வீடு கட்டினார். நடுவில் மதில் எழுப்பியவர், ஓர் ஆள் நுழைந்து போய்வர இடைவெளியும் விட்டார். உம்மா கண் மூடி மௌத்தானபோது றினோஸா கைக்குழந்தை. அவளைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது ஸுஹைறா. தனக்கென்று பிள்ளை கிடைக்காதபோதும் அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை, றினோஸா இருந்தாள். சனலின் பாஸ்வேர்ட் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வளர்த்த மகளிடம் யார் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஸுஹைறா முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஓட்டோ வந்து நின்றது. பாண்டிருப்பிலிருந்து றஞ்சிதமலர் டீச்சர் இறங்கி வந்தார். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாமில் இரண்டு குடும்பமும் ஒரே வகுப்பறையில் கிடந்தவர்கள். டீச்சரின் மகள் நிறோசாவுக்கு அப்போது நடை பழகுகிற வயது. ஸுஹைறா கதை சொல்லி ஊட்டினால்தான் அவளுக்குக் கஞ்சி இறங்கும். அன்று தொடங்கிய உறவு, பெருநாளைக்கு வட்டிலப்பம் அங்கே போவதும் கிறிஸ்மஸுக்குக் கேக் இங்கே வருவதுமாக இன்றுவரை நீண்டது. அடுத்த மாதம் சேர்ச்சில் நிறோசாவுக்குக் கல்யாணம்.

"வாங்க டீச்சர், இரியுங்க. கல்யாண வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?"

டீச்சர் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தை நீட்டினார். நிறோசாதான். இரண்டு கன்னமும் வெந்து சிவந்து, தோல் வெடித்துக் கிடந்தது.

"அல்லாஹ்வே! நெருப்புப் பட்டதா டீச்சர்?"

"நீங்க சொன்ன கிறீம் ஸுஹைறா."

"நான் என்ன கிறீம் சொன்ன?"

டீச்சர் திரையைத் தட்டினார். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள் ஒரு டப்பாவைத் திறந்தன. குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் என்ட தங்கங்களே, கையக் கழுவிட்டு வாங்க. இண்டைக்குச் சட்டி இல்ல, ஒரு கிறீம் காட்டப் போறன். ராவையில பூசிட்டுப் படுங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி முகம் பளிச்செண்டு வரும். வல்லாஹி, நான் பொய் சொல்லுறல்ல."

ஸுஹைறாவின் கையிலிருந்த தேங்காய் உருண்டு போனது. அது அவளுடைய குரல். இழுத்துச் சொல்லும் இடத்தில் இழுத்து, சிரிக்கும் இடத்தில் சிரித்து, அவளே பேசுகிற அதே குரல். நித்திரையில் தானே எதையாவது உளறிவிட்டோமோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது.

"டீச்சர், இது நான் இல்ல. நான் இப்பிடியொண்டும் சொல்லல்ல."

"உங்கட குரல் எனக்குத் தெரியாதா?" டீச்சர் சத்தம் போடவில்லை. "நான் வேணாமெண்டுதான் சொன்ன. கல்யாண நேரத்தில கண்டதையும் பூசாத எண்ட நான். 'ஸுஹைறா அன்ரி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்மா' எண்டாள். வேற ஆரு சொல்லியிருந்தாலும் தொட்டும் பாத்திருக்க மாட்டாள்."

போனைப் பையில் வைத்துக்கொண்டு வந்த ஓட்டோவிலேயே டீச்சர் திரும்பிப் போனார். நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போயிருந்தால் ஸுஹைறாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் தன் போனில் அந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்கக் கேட்க, ஒரு சொல் மட்டும் முள்ளாகக் குத்தியது. வல்லாஹி. மெதடிஸ்த டீச்சருக்கு அது பத்தோடு பதினொன்றாக ஒரு சொல். ஸுஹைறாவுக்கு அது அல்லாஹ்வின் மேல் இடுகிற சத்தியம். மிளகாய்த்தூளுக்கும் மாசிச் சம்பலுக்கும் சத்தியம் பண்ணுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சனலில் ஒருநாளும் அவள் அதைச் சொன்னதில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவளுடையதுதான். 'வல்'லுக்கும் 'லாஹி'க்கும் நடுவில் மூச்சு ஒன்று இடறியது. அந்த இடறலை அவளுக்குத் தெரியும்.

போன வருடம் அவளுடைய கணவன் முர்ஷித் வயலில் நீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரம்பிலேயே விழுந்து மௌத்தானார். ஸுஹைறா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் வீட்டை விட்டு இறங்காமல் இருக்கிற மாதங்கள் அவை. சமையலும் இல்லை, சனலும் இல்லை. போனைக் கையில் எடுப்பதே றினோஸாவுக்கு வொய்ஸ் போடத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு அல்லாடுகிறவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாதென்று, மனதில் வந்ததையெல்லாம் போனில் சொல்லி அனுப்புவாள். ஒரு மழை நாளில் முர்ஷிதின் சாரத்தை மடித்து வைத்துவிட்டு இப்படிச் சொன்னாள்: "வல்லாஹி றினோஸா, எனக்கு இனி ஆருமில்ல. நீ மட்டுந்தான் இரிக்காய்."

அந்த வல்லாஹிதான் இது.

தலையில் முக்காட்டைச் சரியாகக் கூடப் போடாமல் ஸுஹைறா மதில் இடைவெளியால் நுழைந்தாள். ஹோலில் படம் பிடிக்கிற வட்ட விளக்கு எரிந்தது. மேசையில் வெள்ளைக் கையுறைகள் கிடந்தன. றினோஸா போனில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கணவன் றிபாஸ், டவுனில் போன் கடை வைத்திருப்பவன், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"இது என்னகா?" என்று ஸுஹைறா போனை நீட்டினாள்.

றினோஸா அதைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

றிபாஸுக்குக் கூச்சமே இல்லை. கடைக்கு வருகிறவனுக்குப் புதுப் போனை விளக்குகிற மாதிரி விளக்கினான். "அது ஏஐ மதினி. ஒங்கட குரலக் கொஞ்சம் குடுத்தா அது படிச்சிரும். மறுகா நாம என்னத்த எழுதிப் போட்டாலும் ஒங்கட குரலிலயே சொல்லும். இப்ப ஒலகமே இதத்தான் செய்யுது."

"ஆரக் கேட்டு என்ட குரலக் குடுத்த?"

"சமையல் வீடியோவில இரிக்கிற குரல் காணாது மதினி. அது ஒரே மாதிரிக் குரல். கவலையில கதைக்கிற, மனசு உட்டுக் கதைக்கிற குரலும் வேணும். அப்பதான் ஆக்கள் நம்புவாங்க."

அவன் சொல்லச் சொல்ல ஸுஹைறாவுக்கு விளங்கியது. இத்தாவில் அவள் அழுது அனுப்பிய வொய்ஸ் ஒன்று விடாமல் அந்த மெஷினுக்குத் தீனியாகப் போயிருந்தது. முர்ஷிதை நினைத்து அழுதது, தனியே படுக்கப் பயமாக இருக்கிறது என்றது, தங்கைக்கு மட்டும் சொன்ன அத்தனையும்.

"ராத்தா, நீ இத்தாவில இரிந்தாய்" என்று றினோஸா வாயைத் திறந்தாள். "சனல் செத்துப்போயிரும் எண்டுதான் ஒன்ட குரலில ரெண்டு மூணு சமையல் செஞ்சு போட்ட நான். ஒனக்காகத்தான் செஞ்ச. ஆருக்கும் வித்தியாசம் தெரியல்ல. அதுக்குப் பொறகுதான் இந்தக் கிறீம்காரன் வந்தான்."

பழைய வீடியோக்களைத்தான் திருப்பிப் போட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவள் இவள்தான். அதைக் கேட்டு, என் பிள்ளை எனக்காக எவ்வளவு பாடுபடுகிறாள் என்று தொழுகைப் பாயில் இருந்து கையேந்தித் துஆச் செய்தவள் ஸுஹைறா. அந்த துஆவை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த வல்லாஹி?" என்று கேட்டாள்.

றினோஸா தலையைக் குனிந்தாள். "மெஷினுக்கு அந்தச் சொல்லு வடிவா வரல்ல ராத்தா. அதால ஒன்ட வொய்ஸில இரிந்து வெட்டி ஒட்டின நான்."

மெஷினுக்கே வாய் கூசிய சொல்லை இவள் கத்தரித்து எடுத்திருக்கிறாள். உன்னைத் தவிர எனக்கு யாருமில்லை என்று இட்ட சத்தியம், ஒரு கிறீம் டப்பாவுக்கு மூடியாகிவிட்டது. ஸுஹைறாவுக்கு அழுகை வரவில்லை.

"இப்பவே என்னோட வா. டீச்சருக்கு முன்னால நிண்டு, இது ராத்தா சொல்லல்ல எண்டு சொல்லு. சனலிலயும் போடு."

"போட்டாக் கடைய உடைப்பாங்க. இவர பொலிஸில குடுப்பாங்க. என்ட புள்ளைகள நெனைச்சுப் பாரு" என்றாள் றினோஸா. பிறகு குரலைத் தாழ்த்தி, மூத்தவளுக்குப் புத்தி சொல்கிறவள் போலச் சொன்னாள். "நீ சும்மா இரி ராத்தா. ஆரும் ஒன்ட முகத்தக் காணல்லதானே. கொஞ்ச நாளில எல்லாரும் மறந்திருவாங்க."

முகத்தை ஹயாவுக்காக, மானத்துக்காக மறைத்தவள் ஸுஹைறா. அந்த மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் தங்கை இதைச் செய்திருந்தாள். ஸுஹைறா மதில் இடைவெளியால் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலையில் தனியாகவே பாண்டிருப்புக்குப் போனாள். டீச்சர் வீட்டு விறாந்தையில் இருந்து எதையும் மறைக்காமல் சொன்னாள். மெஷினைச் சொன்னாள், இத்தாவைச் சொன்னாள், றினோஸாவின் பெயரையும் சொன்னாள். டீச்சர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்புறன் ஸுஹைறா" என்றார். "தூக்கி வளத்த தங்கச்சியப் பத்தி ஆரும் இப்பிடியொரு பொய்யச் சொல்ல மாட்டாங்க."

அந்த ஒரு சொல்லில் ஸுஹைறாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாத்தியிருந்த அறைப் பக்கம் திரும்பி, "நிறோசா, மகள், நான் ஒருக்கா ஒன்னப் பாத்துட்டுப் போறன்" என்றாள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அம்மா, அந்தக் குரல நிப்பாட்டுங்க."

"போன் இல்ல மகள். ஸுஹைறா அன்ரி வந்திருக்கிறா. அவ ஒண்டும் செய்யல்ல, எல்லாம் நான் சொல்லுறன்."

"தெரியும். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்த நான். அன்ரிட பிழை இல்ல." பிள்ளை விம்மினாள். "ஆனா அவவக் கதைக்க வேணாமெண்டு சொல்லுங்கம்மா. கேட்டா முகமெல்லாம் திரும்ப எரியுது."

கஞ்சி ஊட்டக் கதை சொன்ன குரல் அது. ஸுஹைறா வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சரின் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு, போய்வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் படியிறங்கினாள்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் அவள் வாளியை இறக்கியபோது மதில் இடைவெளியில் றினோஸா வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"ராத்தா, பாண்டிருப்புக்குப் போனியாம். சொல்லிட்டியாம்." ஸுஹைறா கயிற்றையே இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு கிட்ட வந்தாள். "ஏசு ராத்தா. என்ன வேணுமெண்டாலும் சொல்லி ஏசு. இப்பிடிக் கதையாம மட்டும் இரிக்காத. எனக்கும் ஒன்ன உட்டா ஆரு இரிக்கா?"

ஸுஹைறாவுக்கு வாய் நிறைய வந்தது. உன்னைத் தூக்கிச் சுமந்த இடுப்பு இன்னும் வலிக்கிறதடி என்று கத்த வந்தது. நீ நல்லாயிருப்பியா என்று கேட்க வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். றினோஸாவின் கையில் போன் இருந்தது. எப்போதும் இருக்கிற போன்தான். திரை அவளுடைய வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. அது சும்மாவும் கிடக்கலாம், கேட்டுக்கொண்டும் இருக்கலாம். தங்கை மெய்யாக அழுகிறாள் என்றுதான் தோன்றியது. ஆனால் அப்படித் தோன்றித் தோன்றித்தானே இவ்வளவும் நடந்தது.

சிரிக்கிற குரல் அவர்களிடம் இருக்கிறது. அழுகிற குரலும் இருக்கிறது. கோபக் குரல் ஒன்றுதான் இன்னும் அவளிடம் மிச்சம் இருந்தது. அதை அவள் கொடுக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புது வீடியோ ஒன்று கேட்டது. "அஸ்ஸலாமு அலைக்கும் என்ட தங்கங்களே, கையக் கழுவிட்டு வாங்க."

யார் ஸலாம் சொன்னாலும் பதில் சொல்லாமல் விட்டறியாத வாய் ஸுஹைறாவுடையது. அன்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.