நொச்சி மருந்து

குளிப்பாட்டுவதற்கு முன்னால் காலில் இருக்கும் கட்டைப் பிரித்துவிடச் சொன்னார்கள். கலைமதி அப்பாவின் காலருகில் உட்கார்ந்து துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். புண்ணோடு ஒட்டியிருந்த கடைசிச் சுற்றைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக எடுத்தாள்.

"இனிமே இன்னாடி மெதுவா? கையில மருந்த வச்சிக்கினு எங்கண்ணன சாவ உட்டுட்டியே!" பவுனு அத்தை மாரில் அடித்துக்கொண்டாள்.

குடம் தூக்கி வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கலைமதி நிமிரவில்லை.

அரசப்பனின் மகள் கலைமதி பாண்டிச்சேரியில் நொச்சி இலையை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள் என்பது ஒலக்கூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பிரசவம் ஆனதும் தூக்கிப்போடும் தொப்புள்கொடியைத் தாயின் சம்மதத்தோடு வாங்கி வந்து, அதன் ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ப்பார்கள். அவற்றில் அழற்சியை உண்டாக்கி, நொச்சியிலிருந்து பிரித்த சத்தைச் சேர்த்தால் அது தணிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தணிந்தது. 'தானே' புயல் அடித்ததற்கு முந்தின வருஷம்வரை, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை வரப்பிலிருந்து இலை பறித்து, துணிப்பையில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டதே அப்பாதான். பிறகு அதே அழற்சி அவர் காலுக்கு வந்தது. ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போய், கட்டைவிரலில் வந்த புண் ஆறாமல் மேலே ஏறியது.

ஒருநாள் மத்தியானம் அவரே கேட்டார். "அந்த நொச்சி மருந்த எனக்குக் குடுக்கலாமா, மதி?"

"தட்டுல கேக்குதுப்பா. மனுசனுக்குக் குடுத்தா இன்னா ஆவும்னு தெரியல. தெரியாதத உனக்குக் குடுக்க மாட்டேன்."

அவர் விட்டத்தைப் பார்த்தபடி "சரி" என்றார். அந்தச் 'சரி'யில் கோபம் இருந்ததா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

"பவுனு," என்றாள் அம்மா. காலையிலிருந்து வாயே திறக்காமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள். "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத. கேட்ட அன்னிக்கே உங்கண்ணன் என்னாண்ட சொன்னாரு. டாக்டரு, வைத்தியரு, நீ, நானு, அல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னுதான சொல்லிக்கினு இருந்தோம்? 'எம்பொண்ணு ஒண்ணுதான், வெள்ளையம்மா, எங்கிட்ட நெஜத்த சொல்லுச்சி'ன்னாரு. 'எனக்கு ஆவலன்னா இன்னா, பின்னால எவனுக்காச்சும் ஆவும், நம்ம வரப்பு நொச்சி'ன்னாரு. அன்னிக்குத்தான் அவரே சோறு கேட்டு ரெண்டு வாய் சேத்து சாப்ட்டாரு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலைமதிக்கு எதிரில் இருந்த கால் மங்கலாகத் தெரிந்தது. யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள்.

மத்தியானம் பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் எல்லாரும் தலைமுழுகினார்கள். கலைமதி ஈரம் சொட்டச் சொட்டச் சுவரோரம் நின்றாள். அத்தை அவளைக் கடந்து போனாள். நாலடி போனவள் திரும்பி வந்து, அவள் தலையைக் குனியவைத்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் துவட்ட ஆரம்பித்தாள். பிடரியில், காதுக்குப் பின்னால், முடியின் நுனியில் என்று துவட்டிக்கொண்டே இருந்தாள். அத்தையின் ஈரக் கூந்தலிலிருந்து தண்ணீர் வழிந்து இருவர் காலடியிலும் தேங்கியது.