சங்கரம்மாளின் வீங்கிய முகம்

1
இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் தொடங்கியது. அதில் ஒரு சீமாட்டி 'பிரைட் நோய்' வந்து, பனி கொட்டும் சன்னலோரம் அழகாகச் செத்துப்போனாள். நாள்பட்ட சிறுநீரக அழற்சிக்கு அன்று அதுதான் பெயர்; அதை முதலில் விவரித்து எழுதிய ஆங்கில மருத்துவரின் பெயர்.* அதே நோய் என் அக்கா சங்கரம்மாளுக்கு வந்தபோது எழுத உட்கார்ந்தேன்.

(*அது ஒரு நோயல்ல, பல நோய்கள் என்று தெரிந்தபின் மருத்துவர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். நான் உடனே விடவில்லை.)

2
"கரிசலில் பனி கொட்டிக்கொண்டிருந்த…" (கோவில்பட்டியிலா? அடித்தாயிற்று.)

மறுபடியும்: 1997. சங்கரம்மாளின் கன்னங்கள் உப்பியிருந்தன. தீப்பெட்டி ஆபீசில் பக்கத்தில் குச்சி அடுக்கும் ஆவுடைத்தாய் கிள்ளிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னத்தத் திங்க? எங்களுக்கும் சொல்லேன்."

"ஒன் கண்ணு பட்டே ஊதிருச்சுட்டி."

ஒட்டிய கன்னங்கள் நிறைந்த ஊரில் உப்பிய முகம் என்றால் செழிப்பு. பசுவந்தனையிலிருந்து பெண் பார்க்க வந்த சௌந்தரபாண்டியனுக்கும் அந்த முகம்தான் பிடித்தது. வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பிறகு கணுக்காலும் வீங்கியது. அழுத்தினால் குழி விழுந்து நின்றது. டாக்டர் 'நெஃப்ரைட்டிஸ்', அதே சிறுநீரக அழற்சி, என்றார், உப்பைக் குறைக்கச் சொன்னார்.

"தாலி ஏறுத வரைக்கும் வாயத் தொறக்காதட்டி" என்றாள் அம்மா.

3
இங்கேதான் அவளைக் கொல்லத் தொடங்கினேன். சன்னலோரம், வெளிறிய கை, நீண்ட பெருமூச்சு. நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அக்கா பிடுங்கிப் படித்தாள்.

"ஏலே, நம்ம வீட்டுல சன்னல் எங்கன இருக்கு? இது என்ன, பிரைட்?"

"டாக்டர் பேருக்கா."

"வீங்குனது எம் மொகம், பேரு அவருக்கா? அடிச்சிட்டு எம் பேரப் போடு."

போட்டேன். சங்கரம்மாள் நோய்.

4
மாத்திரையில் வீக்கம் வடிந்தது. முகூர்த்தப் புடவை எடுக்கக் கூப்பிட வந்த சௌந்தரபாண்டியன், வாசலில் நின்றவளை அடையாளம் தெரியாமல் விழித்தார். அம்மா உள்ளிருந்து சைகை காட்டினாள். சங்கரம்மாள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"நீங்க பாத்துட்டுப் போனது வீக்கம். இதுதான் எம் மொகம். கிட்னியில நாள்பட்ட நோவு. உப்புக் கொறச்சித்தான் திம்பேன். நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர்…

(அவர் திரும்பிப் போவதாக ஒரு முடிவு எழுதினேன். "எனக்கும் உப்புக் கொறச்சே போடு" என்பதாக இன்னொன்று. இரண்டையும் அக்கா திருப்பித் தந்தாள். "அவிய என்ன சொன்னாலும் நான் நாளைக்கு வேலைக்குப் போவேம்லே.")

அதனால் அவருடைய பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவளைத் தலைகுனிய மட்டும் வைத்துவிடாதீர்கள், படித்துப் பார்ப்பாள்.