கம்பெனி சாமான்

இறந்தவளைக் குளிப்பாட்டுவதற்கு முன் உருவிய கம்பளிச் சால்வையைச் சுருட்டி, தார்ப்பாய் மறைப்புக்கு வெளியே நின்ற ஆறுக்குட்டியின் கையில் திணித்தாள் பக்கத்து வீட்டு மாரியாயி.

“இதைய எங்கியாச்சும் அந்தப் பக்கம் வெய்யிங்க. ஒரே பொகை நாத்தம்.”

ஆறுக்குட்டி சால்வையை மூக்கருகே கொண்டுபோனான். அக்கா மருதாம்பாளின் வாசனை அதில் இல்லை. எரிந்த கிளட்ச் பிளேட்டின் நெடிதான் இருந்தது. குன்னூரில் இருபது வருஷமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன் மூக்கை ஏமாற்ற முடியாது. கம்பெனி பிளேட் தீய்ந்தால் காரமாக ஒரு நெடி வரும், வந்த வேகத்தில் போய்விடும். டூப்ளிகேட் தீய்ந்தால் கோந்தும் ரப்பரும் சேர்ந்து கருகின நாற்றம். சீர் வாங்க வந்த சம்பந்தி மாதிரி, லேசில் கிளம்பாது.

இது நேற்றுக் காலை ஏறிய நாற்றம். இன்னும் கிளம்பவில்லை.

நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்த அக்காவை, மச்சான் கருப்புசாமி தன் பழைய அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு கேத்தியிலிருந்து ஊட்டிக்கு மேடேறினார். பாதி மேட்டில், வளைவில், இன்ஜின் கத்தியது, சக்கரம் நகரவில்லை. வண்டிக்குள் புகை. ஒரு கேரட் லாரி வந்து ஏற்றிக்கொள்ள முக்கால் மணி நேரம். “கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்” என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

அந்த பிளேட் மாட்டி இரண்டே மாதம். கொடுத்தவன் ஆறுக்குட்டி.

அதை அவன் கோயமுத்தூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கினான். அவர் விலை சொன்னார். இவன் பாதிக்குக் கேட்டான். பாதிக்குக் கேட்பது மரியாதை, முக்காலுக்கு முடிவது முறை. அந்த ஆளோ “எடுத்துக்குங்க” என்று பாதிக்கே கட்டிக் கொடுத்துவிட்டார். பேரம் பேசியே சோறு தின்ற வம்சத்தில் பிறந்தவனுக்கு அந்த நொடியே அடிவயிறு சொல்லிவிட்டது: கேட்டவுடன் இறங்குகிறவனிடம் அசல் இருக்காது. ஆனால் பெட்டி கம்பெனிப் பெட்டி, முத்திரை கம்பெனி முத்திரை. வயிறு கிடக்கிறது என்று பஸ் ஏறிவிட்டான். காலிப் பெட்டியை வாங்கி வேறு சரக்கை உள்ளே வைப்பது அவனுக்குத் தெரியாத வித்தையா? தேனிலவுக்கு மலையேறி நடுவழியில் வண்டி படுத்துக்கொண்ட எத்தனை புதுமாப்பிள்ளைகளுக்கு அவனே அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறான்! சொந்தத்துக்கு மட்டும் செய்ததில்லை. நேற்றுவரை அப்படித்தான் நினைத்திருந்தான்.

“ஏனுங்க, பொறந்த ஊட்டுக்காரங்க வந்து எண்ணெ வெய்யிங்க!” மாரியாயி கூப்பிட்டாள்.

அக்காவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஆறுக்குட்டி எண்ணெயைத் தொட்டான். கை அவள் தலைக்குப் போகவில்லை.

இதே தலைதான். இரண்டு மாதம் முன் கடையில் மச்சான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அக்கா சிரித்தாள். “ஏண்டா ஆறு, இது கம்பெனி சாமானா, இல்ல உன்ற சாமானா?”

“கம்பெனிதான்க்கா.”

“வியாபாரி வாயில வர்றதெல்லாம் ஒரு பேச்சா? சத்தியம் பண்ணு.”

அவன் தினம் பத்து சத்தியம் பண்ணுகிறவன். கல்லாமேல், கற்பூரத்தின்மேல், எப்போதோ செத்துப்போன மாமனார்மேல். உயிரோடிருப்பவர் தலையில் அடித்து மட்டும் பண்ணக் கூடாது, பொய்யானால் அவரைக் கொண்டுபோய்விடும் என்பது கடைத்தெருவில் வட்டிக்காரனும் மதிக்கிற சட்டம். அன்று கை தானாகப் போய் அவள் உச்சியில் பட்டென்று விழுந்தது. “போதுமா?”

“ஐயோ, பூவை நசுக்கிட்டானே!” என்று அவள் கடை அதிரச் சிரித்தாள்.

“தொட்டும் தொடாம வெச்சா எப்படிங்க? நல்லா வெய்யிங்க,” என்றாள் மாரியாயி. அவன் நெற்றியோரம் ஒரு சொட்டு விட்டுவிட்டு வெளியே வந்தான். உள்ளங்கையில் எண்ணெய் இல்லை, நசுங்கின பூவின் ஈரம் இருந்தது. வேட்டியில் துடைத்தான். மறுபடி இருந்தது. சாம்பிராணியில் அந்த நெடி. யாரோ நீட்டிய காப்பியிலும்.

வண்டியைக் கட்டி இழுத்துப் போயிருந்த மெக்கானிக் சில்வஸ்டர், பகல் பதினோரு மணிக்குச் சாக்குப் பையோடு வந்தார். பிரித்துப் பார்த்துச் சொல்லும்படி ஆள் அனுப்பியது மச்சான்தான். பந்தலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார்.

“என்ற காலுதானுங்களே, சில்வஸ்டர்? கிளட்சு மேல கால வெச்சே ஓட்டறீங்கன்னு எத்தன தடவ திட்டியிருப்பீங்க. நேத்து பதட்டத்துல எடுக்கவே இல்லீங்க. நான்தான் தீச்சுப்போட்டேன். அவளயும் சேத்து.”

சில்வஸ்டர் பையைக் கை மாற்றிப் பிடித்தார். ஆறுக்குட்டியைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டால் கடை பிழைக்கும், உறவும் பிழைக்கும். மச்சான் மட்டும் மிச்ச நாளெல்லாம் பெண்டாட்டியைக் கொன்ற காலோடு நடக்க வேண்டும். லாப நஷ்டம் பார்த்தே பழகின மனசு ஒரு கணம் பார்த்தது. பிறகு அவன் பையைப் பிடுங்கி, பிளேட்டை வெளியே எடுத்தான். லைனிங் பாதி உரிந்து ரிவெட்டுகள் பல்லைக் காட்டின.

“உங்க காலு இல்லீங்க மச்சான். இது கம்பெனி சாமானே இல்லீங்க. டூப்ளிகேட்டு. வாங்கறப்பவே எனக்குத் தெரியும்.”

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிற்று, கோபம் இல்லை.

“வேண்டாம் மாப்ள. எனக்காவ நீ பழியத் தூக்கிக்காதே.”

“நெசமாத்தானுங்க!”

“சரக்கு மட்டந்தானுங்க,” என்றார் சில்வஸ்டரும், தொண்டையைச் செருமிக்கொண்டு.

“ரெண்டு பேரும் வாசல்லயே பேசி வெச்சுட்டு வந்தீங்களாக்கும்.” மச்சான் ஆறுக்குட்டியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். “அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனியே, நான் பக்கத்துலதான நின்னேன்? ஊருக்கெல்லாம் பொய் சொல்லுவே, எனக்குத் தெரியாதா? அவ தலையில பொய்ச்சத்தியம் பண்ற ஆளா நீ?”

ஆறுக்குட்டி வாயைத் திறந்தான். விற்கத் தெரிந்த வாய். இந்த நிஜத்தை வாங்கத்தான் ஆளில்லை.

வாசலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். எதிர் மலையில் ஒரு லாரி ஊர்ந்து ஏறிற்று. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் அது கியர் மாற்றி உறுமியபோது, அவருடைய கிளட்ச் மிதிக்கும் இடது கால் ஈர மண்ணை மெல்ல அழுத்தியது. பிறகு, யாரோ அதட்டியதுபோல் சட்டென்று தூக்கிக்கொண்டார். லாரி வளைவைத் தாண்டி மறைந்த பின்னும் அந்தக் காலைத் தரையில் வைக்கவில்லை.