கொசுறாக நாலு ரவுண்டு

என் அக்கா புருஷனின் முதுகுக்கு நாற்பது லட்சம் விலை வந்தது. வெட்டி எடுத்துப் போவதற்கல்ல. அது ஒரு தடவை தரையில் படுவதைப் பார்ப்பதற்கு.

மாமா குத்துச்சண்டைக்காரர். முப்பத்தோரு பேரோடு மோதியிருக்கிறார். ஜெயித்திருக்கிறார், தோற்றிருக்கிறார், ஒருமுறை கண் வீங்கி ஆள் தெரியாமல் நடுவரையே துரத்தியிருக்கிறார். ஆனால் விழுந்ததில்லை. 'நங்கூரம்' என்று பட்டப்பெயர். சாம்பியன் பட்டம் பறிபோன அன்றும் நின்றுகொண்டுதான் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது வயது ஐம்பதை ஒட்டிவிட்டது. அக்காவோடு சேர்ந்து மெத்தைக் கடை நடத்துகிறார். வாங்க வருகிறவர்கள், கொஞ்சம் படுத்துக் காட்டுங்களேன் என்று ஆசையாகக் கேட்பார்கள். மாமா உட்கார்ந்து காட்டுவார், ஏறிக் குதித்துக்கூடக் காட்டுவார், படுக்க மட்டும் மாட்டார். நாலு பேர் பார்க்க மல்லாந்துவிட்டால் நங்கூரத்துக்கு என்ன மரியாதை? அதனால் பக்கத்துத் திரைச்சீலைக் கடையிலிருந்து என்னைக் கூப்பிடுவார். நான் போய்ப் படுத்துவிட்டு, எழுந்து வரும்போது அந்த வாடிக்கையாளருக்கு ஜன்னல் எத்தனை என்றும் விசாரித்துக்கொண்டு வருவேன்.

இப்படி அவரவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ரோலர் வாயைத் திறந்தான்.

ரோலர் இப்போதைய சாம்பியன். இருபத்துமூன்று வயது. உயரம் எங்கள் கடை ஷட்டர். அகலமும் ஏறக்குறைய அதேதான். அவனோடு மோதிய எவரும் மூன்றாவது ரவுண்டைப் பார்த்ததில்லை. சிலர் முதல் ரவுண்டில் என்ன நடந்தது என்பதையே மருத்துவமனையில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். டிவியில் ஒருத்தி அவனிடம் நங்கூரத்தைப் பற்றிக் கேட்டாள். அவன் சிரித்தான்.

"அந்தத் தாத்தா விழலன்னா, அடிச்சவங்க சரியா சாப்புட்டுட்டு வரலன்னு அர்த்தம்."

மாமா அப்போது தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தலையணை ஒரு பக்கம் வெடித்துப் பஞ்சைத் துப்பியது. 'தாத்தா' அவரைத் தொடவில்லை. அந்தச் 'சரியா'தான் தைத்தது. வாழ்க்கையில் அவர் செய்த ஒரே காரியம் விழாமல் இருந்தது. அதையும் அடுத்தவன் பசிக்கணக்கில் எழுதிவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

வாரம் திரும்புவதற்குள், போட்டிகள் நடத்தும் புரமோட்டர் மோப்பம் பிடித்து, ரோலரோடு மோத வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். கடைசியில், போவதென்றால் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள், விலை பேசவாவது ஒருத்தன் வேண்டும் என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

புரமோட்டர் அலுவலகத்தில் ஏசி சத்தம் போட்டதே தவிரக் குளிரவில்லை. ஆறு ரவுண்டு, இருபதடி மேடை, நாற்பது லட்சம் என்றார். எங்கள் வம்சத்தில் முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டியவன் எவனும் கிடையாது. ஐம்பது என்றேன். முடியாது என்றார். எழுந்து வாசல்வரை நடந்தேன், கூப்பிடவில்லை. செருப்பு மாட்டுவதில் எவ்வளவு நேரம் கடத்த முடியுமோ அவ்வளவும் கடத்தினேன், அப்போதும் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்து உட்கார்ந்தேன். விலை அசையாத இடத்தில் வியாபாரி என்ன செய்வான்? கொசுறு கேட்பான்.

"சரி, நாப்பதுக்கே முடிச்சுக்கலாம். ஆறு ரவுண்டோட இன்னும் நாலு சேத்துப் போடுங்க."

புரமோட்டர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பக்கத்திலிருந்த வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். பத்து ரவுண்டு என்று எழுதினார்கள். சூட்டோடு சூடாக மேடையையும் பிடித்தேன். இருபதடி எதற்கு, வயசான மனுஷர் அவ்வளவு தூரம் நடப்பாரா, பதினாறாகக் குறையுங்கள் என்றேன். அதற்கும் சரி. எதிராளி இவ்வளவு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டபோதே எனக்குச் சுரீரென்றிருக்க வேண்டும். இல்லை. தெருமுனை வரைக்கும் விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா ஒப்பந்தத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"ஏன்டா, அடி வாங்கப் போற மனுஷனுக்கு அடியிலயா கொசுறு கேட்ட?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போதாததற்கு, மேடை சின்னதானால் ஓடி ஒளிய இடம் கிடையாது என்பதையும் அவளே சொன்னாள். மாமா மட்டும் கோபப்படவில்லை. "விடும்மா. மாப்ள ஆசையா பேசி வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார், நான் அவருக்குச் சட்டைத்துணி எடுத்து வந்த மாதிரி.

பயிற்சி கடையிலேயே நடந்தது. இரட்டை மெத்தையை நிமிர்த்தி நிறுத்தி மாமா குத்துவார். நான் பின்னால் நின்று தாங்குவேன். அதில் மூன்று மெத்தைகளும் நானும் தள்ளுபடிக்குப் போனோம். மாடிவரை மெத்தையைத் தலையில் சுமந்து ஏறுவார். டெலிவரி வேனுக்குப் பின்னால் ஓடுவார்; சிக்னல்களின் புண்ணியத்தில் பல நாள் வேனை முந்திவிடுவார். படியேறும்போது அவருடைய மூட்டு போடும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர், மேலே யார் கட்டில் கழற்றுகிறீர்கள் என்று கேட்டு அனுப்பினார்.

சண்டையன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் முக்கால்வாசி மாமாவின் பழைய ரசிகர்கள். அவர் விழுவதைப் பார்க்கத்தான் காசு கொடுத்து வந்திருந்தார்கள். பதினாறடிக்குள் மாமா, ரோலர், இவர்களுக்குச் சளைக்காத தொப்பையோடு நடுவர். லிஃப்டுக்குள் மூன்று பீரோவை ஏற்றின மாதிரி இருந்தது.

மணி அடித்தது. ரோலர் முதல் குத்து விட்டான். மாமாவின் முகம் இடமாகப் போனது, உடம்பு வலமாகப் போனது, கால்கள் யோசித்துக்கொண்டு நின்றன. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா பின்னால் சாய்ந்தார், சாய்ந்தார், கயிற்றில் மோதி நிமிர்ந்து வந்தார். அடுத்த குத்து. அந்தப் பக்கம் சாய்ந்தார், அங்கேயும் கயிறு. எந்தத் திசையில் சாய்ந்தாலும் இரண்டே எட்டில் கயிறு வந்து தாங்கியது. விழுவதற்கு இடம் விட்டால்தானே விழ முடியும்? ரோலருக்கோ கையை முழுசாக ஓங்க வழியில்லை. பின்னால் இழுத்தால் ஒன்று முழங்கை கயிற்றில் இடித்தது, இல்லாவிட்டால் நடுவர் தொப்பையில் இடித்தது. நடுவர் இரண்டு முறை அவனைக் கண்டித்தார்.

அதற்காக மாமா அடி வாங்கவில்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ரவுண்டு முடிந்து வரும்போதும் ஆள் அடையாளம் மாறியிருந்தது. ஐந்தாவது ரவுண்டு முடிந்ததும், அவர் மூலையில் நின்றிருந்த நான் துண்டைக் கையில் எடுத்தேன். அதை மேடைக்குள் எறிந்தால் சண்டை நின்றுவிடும்.

"மாமா, போதும். எறிஞ்சிடறேன்."

"எறிஞ்சா ஒக்காந்து தோத்த மாதிரி, மாப்ள. மூஞ்சியத் தொடச்சு விடு, துண்டு அதுக்குத்தான்."

துடைத்தேன். எங்கே துடைத்தாலும் வலிக்கிற முகமாக இருந்தது.

ஏழாவது ரவுண்டில்தான் ஒன்று கவனித்தேன். ரோலர் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினான். பாவம், இரண்டு ரவுண்டுக்கு மேல் அவன் எந்த ஜென்மத்திலும் வேலை பார்த்ததில்லை. தன் மூலைக்குப் போனதும் இன்னும் எத்தனை என்று கேட்டான். மூன்று என்றார்கள். எந்த மடையன் பத்துக்கு ஒத்துக்கொண்டது என்று கேட்டான். அவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் காட்டினார்கள். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது ரவுண்டு பாதியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கையெட்டும் தூரம் என்பதால் பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூச்சு முட்டுது."

"எங்க தள்றது? எடம் ஏது?"

"காலு நிக்க மாட்டேங்குதுண்ணே."

"இதுக்கு முன்ன விழுந்திருக்கியா?"

"இல்லண்ணே."

"நானும்தான். கெட்டியாப் புடிச்சுக்க."

நடுவர் ஒரு கையை உருவினால் இன்னொரு கை போய் ஒட்டிக்கொண்டது. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அப்படியே மணி அடித்தது. அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். திறந்து பார்த்தால் மாமா நின்றுகொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தீர்ப்பில் பத்து ரவுண்டும் ரோலருக்கே போனது. மாமா அதைக் கேட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஜெயித்தவர் மாதிரி நாலு பக்கமும் கும்பிட்டார். கூட்டம் கொதித்துப்போனது. ஆள் விழவில்லை, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று பின்வரிசையில் ஆரம்பித்தார்கள். புரமோட்டர் முகத்தில் ஈயாடவில்லை.

மேடையை விட்டு இறங்க மரப்படி ஒன்று வைத்திருந்தார்கள், ஒரு ஆள் இறங்குகிற அகலத்துக்கு. ரோலருக்குக் கால் தரித்து நிற்கவில்லை. மாமா தோள் கொடுத்தார். இருவரும் ஒன்றாக ஒரே படியில் கால் வைத்தார்கள். படி எதுவரைக்கும் பொறுக்கும்? மடாரென்றது. மாமா மல்லாந்து தரையில். அவர் மேல் ரோலர் குப்புற.

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. புரமோட்டர் ஓடி வந்து, விழுந்தாயிற்று, பார்த்தீர்களா, காசெல்லாம் திருப்ப முடியாது என்று கத்தினார். கயிற்றுக்கு வெளியே விழுந்தது ஒப்பந்தத்தில் இல்லை என்று நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அக்கா எங்களைத் தள்ளிவிட்டு மாமாவின் தலைமாட்டில் குனிந்தாள்.

"எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"இரு. முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. சற்று யோசித்து, "தம்பி, நீயும் அவசரமில்லாம எந்திரி" என்று மேலே கிடந்தவனிடம் சொன்னார்.

ஆக, கணக்கு இப்படி நிற்கிறது. கயிற்றுக்குள்ளே: மாமா விழுந்தது பூஜ்யம், ரோலர் விழுந்தது பூஜ்யம். கயிற்றுக்கு வெளியே: ஆளுக்கு ஒன்று. வரவும் செலவும் நேர். அவன் மெத்துமெத்தென்று மாமாவின் மேல் விழுந்தான், மாமா வெறும் சிமெண்டில் விழுந்தார். அந்த வித்தியாசம் மட்டும் அவன் பேரில் பாக்கி.